கிராமப் பொதுத் தொலைபேசி கடைமடை வரை எட்டியதா?

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில், அதாவது பாசன நீர் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதியில், உள்ள ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். அரசின் கணக்குப்படி அவருடைய ஊருக்குக் கிராமப் பொதுத் தொலைபேசி 1990களிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் பேசியவர் என்று ஊரில் நாலு பேரைக்கூடக் காட்ட முடியவில்லையே, அது ஏன் என்பது முதல் கேள்வி. இப்போது ஊராட்சி அலுவலகம் வரை இணையத்துக்கான கண்ணாடி இழை கேபிள் வந்து நிற்கிறது. அதற்கும் இதே கதிதானா என்பது இரண்டாவது. தொலைபேசித் துறையில் கேபிளும் கம்பமும் பார்க்கும் வெளிப்புறப் பணியில், பெரும்பாலும் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊருக்குத் தொலைபேசி வந்ததா என்று மட்டும் கணக்கெடுத்தார்கள். அது யார் வீட்டில் இருக்கிறது, ஐப்பசி மழையில் உயிரோடு இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பவற்றை எந்தப் படிவமும் கேட்கவில்லை. கல்லணையில் இத்தனை கன அடி திறக்கப்பட்டது என்று செய்தி வந்துவிட்டால் தலைஞாயிற்று வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக யாரும் நம்புவதில்லை அல்லவா? தொலைபேசி விஷயத்தில் மட்டும் தலைமதகில் எடுத்த அளவையே கடைமடைக்கும் எழுதிவிட்டார்கள்.

அளவுகோல் எப்படி மாறிவந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 1980களில் நாட்டின் வரைபடத்தின் மீது பக்கத்துக்கு 5 கிலோமீட்டர் கொண்ட அறுகோணங்களை வரைந்து, ஒவ்வொரு அறுகோணத்துக்கும் ஒரு நெடுந்தொலைவுப் பொதுத் தொலைபேசி என்று இலக்கு வைத்தார்கள். யாரும் 5 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிராது என்பது எண்ணம். ராஜஸ்தானில் இது ஓரளவு பொருந்தியிருக்கலாம். அப்படிப்பட்ட ஓர் அறுகோணத்தின் பரப்பு சுமார் 65 சதுர கிலோமீட்டர். காவிரிப் படுகையில் அதற்குள் ஊர்களும் குக்கிராமங்களுமாக எத்தனையோ அடங்கிவிடும். அதைவிட முக்கியமாக, நம் பகுதியில் தொலைவை அளப்பது கிலோமீட்டர் அல்ல, பாலம். வெட்டாற்றுக்கோ பாமணியாற்றுக்கோ எதிர்க்கரையில் தொலைபேசி இருந்தால் வரைபடத்தில் அது அரை கிலோமீட்டர்தான். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பாலம் சுற்றிப் போய்வர அரை நாள் ஆகும். மூங்கில் பாலத்தை நம்பி நள்ளிரவில் பிரசவ வலிக்காரிக்காக யாரும் ஓட முடியாது.

அறுகோணத்துக்குப் பின் ஊராட்சிக்கு ஒன்று என்று வந்தது. 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் என்று அறிவித்தது. அது நிறைவேறாமல், 1999ஆம் ஆண்டின் புதிய கொள்கை அந்தக் காலக்கெடுவை 2002க்குத் தள்ளியது. நாட்டில் அப்போது ஆறு லட்சம் அளவுக்குக் கிராமங்கள் இருந்தன. ஊரகப் பகுதிகளில் நூறு பேருக்கு 0.4 தொலைபேசிதான் இருந்தது என்று அந்தக் கொள்கை ஆவணமே ஒப்புக்கொண்டது. 2010க்குள் அதை 4 ஆக்குவதாகவும் சொன்னது. இங்கே 'கிராமம்' என்பது வருவாய்க் கிராமம். கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டில் ஒரே பெயரில் இருக்கும் ஊர், தரையில் பார்த்தால் மேலத்தெரு, குடித்தெரு, வயலுக்கு அப்பால் காலனி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். இவற்றில் ஏதாவது ஓரிடத்தில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டால் ஏட்டில் அந்தக் கிராமம் 'இணைக்கப்பட்டது' ஆகிவிடும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். எனக்கு நன்கு தெரிந்த பகுதி இதுதான். செல்பேசி வருவதற்கு முன் ஒரு தொலைபேசி என்பது, அழைப்புகளை இணைத்துவிடும் தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை ஓடும் இரண்டு செம்புக் கம்பிகள். அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு ஜோடி, போக வரச் சேர்த்து, கிலோமீட்டருக்கு 168 ஓம் அளவுக்கு மின்தடை காட்டும். மொத்தம் ஆயிரம் ஓமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றால், நிலையத்திலிருந்து ஐந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் கம்பியை இழுக்க முடியாது. ஆகவே கிராமத்துக்குத் தொலைபேசி வேண்டுமென்றால் முதலில் பக்கத்தில் ஒரு சிறிய நிலையம் வேண்டும். அந்தக் காலத்து ஸ்ட்ரோஜர் வகைத் தானியங்கி நிலையங்கள் ஆயிரக்கணக்கான அசையும் உறுப்புகளைக் கொண்டவை. தூசியும் ஈரமும் அவற்றுக்கு எமன். வெளிநாடுகளில் கிடைத்த மின்னணு நிலையங்களோ குளிர்சாதன அறையும் பெரிய நகரத்து நெரிசலும் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

இந்த இடத்தில்தான் சி-டாட் நிறுவனத்தின் பங்கைச் சொல்ல வேண்டும். 1984இல், தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடாவின் முயற்சியில், 36 மாதம், 36 கோடி ரூபாய் என்ற வரையறையோடு தொடங்கப்பட்ட அந்த ஆய்வு மையம், பெரிய நகரத்து நிலையத்தைச் செய்து முடிப்பதற்கு முன்பாகவே 128 இணைப்பு வாய்கள் கொண்ட சிறிய ஊரக நிலையத்தைச் செய்து காட்டியது. முதலாவது நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் வந்தது. அதற்குக் குளிர்சாதனம் வேண்டாம். வாடகை வீட்டின் ஓர் அறையில், ஒரு பீரோ நிற்கும் இடத்தில் நின்றுவிடும். பழுதான அட்டையை உருவிவிட்டு வேறோர் அட்டையைச் செருகினால் போதும். நம் பகுதியின் சிற்றூர்களுக்கு எஸ்.டி.டி. வசதி, அதாவது வெளியூருக்கு நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி, எட்டியதில் இந்தப் பீரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. கருவியைச் செய்தவர்கள் நம் வெயிலையும் மின்வெட்டையும் மனத்தில் வைத்துச் செய்தார்கள். கொள்கையை எழுதியவர்களிடம் அந்தக் கவனம் குறைவாகவே இருந்தது என்பது என் கருத்து.

செம்புக் கம்பிக்கு இன்னொரு குணம் உண்டு. தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் நிலையத்திலுள்ள 48 வோல்ட் மின்கல அடுக்கிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரில் மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும், நிலையத்தில் டீசல் இயந்திரம் ஓடினால் தொலைபேசி பேசும். இந்தக் குணத்தின் அருமை அது போன பிறகுதான் தெரிந்தது.

அதே கம்பிக்கு டெல்டா மண் ஒத்துவரவில்லை. களிமண் கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் ஊறி உப்பும். அதற்குள் கிடக்கும் கேபிள் இரண்டுக்கும் இடையில் இழுபடும். பழைய காலக் காகித உறை கேபிளில் ஒரு சிறு கீறல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி ஓடிவிடும். பின்னால் வந்த ஜெல்லி நிரப்பிய கேபிள் எவ்வளவோ மேல். ஆனால் ஜாயின்ட் போட்ட இடம் அப்போதும் பலவீனம்தான். கேபிள் புதைக்க இங்கே இருந்த இடமெல்லாம் சாலை ஓரமும் ஆற்றுக் கரையும் வாய்க்கால் கரையும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்பாக, ஏப்ரல் மே மாதங்களில் தூர் வாருவதற்குப் பொக்லைன் இறங்கும். அதன் பல்லில் கேபிள் சிக்கும். ஒட்டுப் போட்டு மூடுவோம். அடுத்து வடகிழக்குப் பருவமழையில் அந்த ஒட்டு தண்ணீருக்குள் மூழ்கும். சம்பாப் பயிர் மூழ்குகிறது, எந்த மதகைத் திறக்கச் சொல்வது என்று ஊர் தவிக்கும் அதே வாரத்தில்தான் தொலைபேசி ஊமையாகும். கார்த்திகை மாதத்துப் பழுதுப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு பாசனப் பிரிவு முழுவதும் வரிசையாக வந்திருக்கும். ஒரு லைன்மேனுக்கு ஒரு சைக்கிள், முழங்கால் சேறு, பத்துப் பன்னிரண்டு ஊர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கம்பியே வேண்டாம் என்று ஒரு மாற்றுவழியை 1990களில் நாடெங்கும் முயன்றார்கள். பல இடங்களுக்குப் பொதுவான வானொலி அலை அமைப்பு அது. துறையில் 'மார்' என்று சொல்வோம். இரண்டு வானொலித் தடங்களைப் பதினைந்து கிராமங்கள் பகிர்ந்துகொள்ளும் வகைதான் பரவலாக வந்தது. இரண்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தால் மற்றப் பதின்மூன்று ஊர்களும் காத்திருக்க வேண்டும். ஊர் முனையில் ஒரு கம்பம், அதன்மேல் ஆன்டெனா, சூரியத் தகடு, கீழே ஒரு மின்கலம். மின்கலம் இரண்டு மூன்று ஆண்டில் செத்துவிடும், மாற்று வராது. சூரியத் தகட்டின் மீது யாரோ ஒருவருக்குக் கண் விழும். ஏட்டிலோ அந்தக் கிராமம் இணைக்கப்பட்ட கிராமம். நாடு முழுவதும் இப்படி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசிகளைப் பிற்பாடு வேறு தொழில்நுட்பத்துக்கு மாற்ற வேண்டிவந்தது என்பதிலிருந்தே அதன் நிலையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்த் தொலைபேசி இந்த வகையாக இருந்திருந்தால், பழைய ஊராட்சிக் கட்டடத்தின் பின்னால் துருப்பிடித்த கம்பம் ஒன்று இன்னும் நிற்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் கம்பி நன்றாக இருந்த ஊர்களிலும் தொலைபேசி மௌனமாக இருந்ததே, அதற்கு என்ன சொல்வது? இதற்கு நான் கண்ட ஓர் ஊரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அங்கே கிராமப் பொதுத் தொலைபேசி, பொறுப்பான ஆள் என்ற காரணத்தால், மேலத்தெருவில் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டின் உள்கூடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவர் கெட்டவர் அல்லர். யாரையும் வராதே என்று சொன்னவரும் அல்லர். ஆனால் அவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற காலனி மக்கள் அந்த உள்கூடத்துக்குள் போய், அவர் காது கேட்க, 'கூலி அதிகம் கிடைக்கிறதாம், திருப்பூருக்கு வரட்டுமா' என்று மகனிடம் பேசுவார்களா? திண்ணையோடு நின்றுவிடுகிற வழக்கம் தொலைபேசிக்காக மாறிவிடாது. பெண்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. கணவன் வீட்டில் அடிக்கிறான் என்பதைத் தாய்வீட்டுக்குச் சொல்ல ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுக்கு எந்தப் பெண் போவாள்? அந்தத் தொலைபேசியில் மாதக்கணக்கில் வெளி அழைப்பே பதிவாகவில்லை. 'தேவை இல்லை' என்று மேலே அறிக்கை போயிற்று. பின்னர் ஏதோ காரணத்தால் அந்த இணைப்பைப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்த தேநீர்க் கடைக்கு மாற்றினோம். மாலை ஆறு மணிக்கு மேல் ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். அதே கம்பி, அதே கருவி, முந்நூறு அடிதான் நகர்ந்தது. நான் பணியில் கற்றவற்றுள் இதைவிடப் பெரியது வேறில்லை.

தேநீர்க் கடையில் அது நிலைத்ததற்கு வருமானமும் காரணம். 1980களின் பிற்பாதியிலிருந்து மஞ்சள் பலகையோடு முளைத்த எஸ்.டி.டி. பூத்துகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உரிமம் தனியாருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை, பேசிய கட்டணத்தில் ஒரு பங்கு நடத்துபவருக்கு. இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகவும் காலாகவும் குறைந்ததால் பதினோரு மணிக்கும் கடை திறந்திருந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் பக்கங்களில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் அந்தப் பூத்துகளை வாழவைத்தன. அந்தப் பூத்துகளும் அந்தக் குடும்பங்களைச் சேர்த்துப் பிடித்துவைத்தன. நாடு முழுவதும் பொதுத் தொலைபேசிகளின் எண்ணிக்கை உச்சத்தில் 50 லட்சத்தைத் தாண்டியது. அதில் அரசு இலக்கு வைத்து நட்டவை ஒரு சிறு பகுதியே. மற்றவை ஒருவர் பிழைப்புக்காக வைத்தவை.

கிராமப் பொதுத் தொலைபேசிக்கு இந்த ஏற்பாடு முழுமையாகப் பொருந்தவில்லை. அவற்றில் பலவற்றுக்குத் தொடக்கத்தில் உள்ளூர் அழைப்பு மட்டுமே உண்டு, எஸ்.டி.டி. இல்லை. நம் பகுதியில் இது எப்படிப்பட்ட குறை என்பதைக் குறியீட்டு எண்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தஞ்சாவூருக்கு 04362, கும்பகோணத்துக்கு 0435, மயிலாடுதுறைக்கு 04364, நாகப்பட்டினத்துக்கு 04365, திருவாரூருக்கு 04366, மன்னார்குடிக்கு 04367, திருத்துறைப்பூண்டிக்கு 04369. அதாவது, ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவிலுள்ள ஊரெல்லாம் வேறு குறியீடு. பெண் கொடுத்த ஊரும், உரம் வாங்கும் ஊரும், பெரிய மருத்துவமனை இருக்கும் ஊரும் அந்தத் தொலைபேசிக்கு எட்டாது. எட்டியதெல்லாம் பக்கத்து ஊர். அங்கே சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருவது செலவில்லாத வேலை.

வரும் அழைப்பில் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளருக்குக் காசு இல்லை என்பதும் ஒரு முக்கியமான ஓட்டை. கிராமத் தொலைபேசியின் உண்மையான பயன் பெரும்பாலும் வரும் அழைப்பில்தான் இருந்தது. ஊரை விட்டுப் போனவன் கையில்தான் காசு உண்டு, அவன்தான் கூப்பிடுவான். திருமணப் பத்திரிகையிலும் கடித முகப்பிலும் 'பி.பி.' என்று போட்டுப் பக்கத்து வீட்டு எண்ணை அச்சடித்த காலம் அது. அழைப்பு வந்தால் ஒரு பையன் ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பு வரும். பையனுக்கு ஒரு ரூபாய், கடைக்காரருக்கு இரண்டு ரூபாய் என்று ஊரே ஒரு விகிதம் வைத்துக்கொண்டது. திட்டத்தில் இல்லாத இந்த விகிதம்தான் பல இடங்களில் திட்டத்தைக் காப்பாற்றியது.

இந்தக் கணக்கின் பெரிய வடிவத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா 1990களில் தெளிவாக எடுத்துவைத்தார். ஓர் இணைப்புக்கு முதலீடு 30,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஆண்டுதோறும் வருமானமாக வந்தாக வேண்டும். அவ்வளவு கொடுக்கக்கூடிய குடும்பம் நாட்டில் மிகக் குறைவு. ஆகவே முதலீட்டை 10,000 ரூபாய் அளவுக்கு இறக்கும் தொழில்நுட்பம் வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில், நேர்ப்பார்வை இருந்தால் ஒரு கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை பேச்சும் இணையமும் போகும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் அதை வைத்துக் கிராம இணைய மையங்கள் நடத்தப்பட்டன. நம்முடைய சமவெளியில், ஒரு தென்னந்தோப்பைத் தவிர மறைப்பு ஏதும் இல்லாத இடத்தில், இது நன்றாகவே நடந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் அது ஊன்றுவதற்குள் செல்பேசி வந்துவிட்டது.

இணைப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதை ஒரு வீடு கொடுக்க முடியாது. ஆனால் நூறு வீடு மாதம் பத்து ரூபாய் கொடுக்க முடியும். பொதுத் தொலைபேசிக்கான பொருளாதார நியாயம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும். வங்கதேசத்தில் 1997இல் தொடங்கிய கிராமீன் தொலைபேசித் திட்டம் இதைத்தான் செய்தது: கிராமத்துப் பெண்ணொருவருக்குக் கடனில் ஒரு செல்பேசி, அவர் ஊருக்குப் பேச்சை விற்றுக் கடனை அடைப்பார். காப்பாளரே முதலாளி, பெண் என்பதால் மற்றப் பெண்கள் தயங்காமல் வருவார்கள். இங்கே 2002 டிசம்பரில், ஊரகத் தபால்காரர் கையில் ஒரு கம்பியில்லாத் தொலைபேசியைக் கொடுத்து வீடு வீடாகப் போகச் சொன்ன ஒரு திட்டம் வந்தது. எண்ணம் அழகானதுதான். ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வயலில் ஆள் இருக்கும், வீட்டில் இருக்காது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் 'அரசிடம் பணம் இல்லை' என்று சிலர் சொல்வதுண்டு. 2002 ஏப்ரல் முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு அனைவருக்கும் சேவை அளிக்கும் நிதிக்கென்று வசூலிக்கப்பட்டது. 2003இல் தந்திச் சட்டத்தைத் திருத்தி அதற்குச் சட்ட வடிவமும் கொடுத்தார்கள். மிச்சமிருந்த 66,822 கிராமங்களுக்குத் தொலைபேசி கொடுக்கவும், 2,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் இரண்டாவதாக ஒரு சமூகத் தொலைபேசி வைக்கவும் அந்த நிதியிலிருந்தே ஒப்பந்தங்கள் போடப்பட்டன. வசூலான நிதியில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. ஆகவே தடை பணம் அன்று.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 2003 மே மாதத்தில் செல்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. நான் மேலே சொன்ன அந்த ஓட்டையை, வரும் அழைப்பின் மதிப்பை, இந்த ஒரு முடிவு அடைத்தது. ஊரை விட்டுப் போன மகன் வாங்கிக் கொடுத்த கருவியை வைத்துக்கொண்டு, காசில்லாமல் தாய் காத்திருக்கலாம். 2006இல் நாடு முழுவதும் ஒரு ரூபாய்க் கட்டணம் வந்தது. மஞ்சள் பலகைகள் ஒவ்வொன்றாக ரீசார்ஜ் கடைகளாக மாறின. 'மிஸ்டு கால்' என்ற கலையை நம் மக்கள் எவ்வளவு நுட்பமாக வளர்த்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டியது: ஒரு மணி அடித்தால் டிராக்டர் கிளம்பிவிட்டது, இரண்டு மணி அடித்தால் கொள்முதல் நிலையத்தில் சாக்கு வந்துவிட்டது.

பொதுத் தொலைபேசி இனித் தேவையில்லை என்ற முடிவுக்கு எல்லாரும் வந்த பிறகு நடந்த ஒன்றையும், அதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மாண்டனர். அதே காலையில், வடக்கே புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் சுமார் 3,600 பேர் பிழைத்தனர். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசினார், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அந்தச் செய்தி ஊருக்கே போயிற்று. அந்த மையங்கள் அதற்குமுன் நாள்தோறும் அலையின் உயரத்தை மீனவர்களுக்கு அறிவித்து வந்ததால், ஒலிபெருக்கியில் வருவதை நம்பும் பழக்கம் அங்கே இருந்தது. ஒரு தொலைபேசி, அதோடு சேர்ந்த ஓர் ஒலிபெருக்கி, இரண்டும் யாரும் போகக்கூடிய ஒரு பொது இடத்தில்.

இரண்டாவது நிகழ்வு 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்த கஜா புயல். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வீட்டுக்கு வீடு செல்பேசி இருந்தும், கோபுரத்துக்கு மின்சாரம் இல்லை, கருவிக்கு மின்னேற்றம் இல்லை. ஒருமுறை மின்னேற்றம் செய்ய இருபது ரூபாயும் முப்பது ரூபாயும் கொடுத்து ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் வீட்டு வாசலில் மக்கள் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் முன்னே சொன்ன 48 வோல்ட் கம்பி அப்போது பல ஊர்களில் மண்ணுக்குள் செத்துக் கிடந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனத்துடையது. தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய கவலை இல்லை. கண்ணாடி இழைக்குள் தண்ணீர் புகுந்தாலும் செம்பைப் போல உடனே ஊமையாகாது. திருடனுக்கும் அதில் லாபமில்லை. பொக்லைன் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. என் கவலையெல்லாம் அளவுகோல் பற்றியது. 'ஊராட்சி இணைக்கப்பட்டது' என்பதற்குப் பொருள், ஊராட்சிக் கட்டடத்துக்குள் ஒரு பெட்டி பொருத்தப்பட்டது என்பதுதான். அந்தக் கட்டடம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும். உள்கூடத்துத் தொலைபேசியின் மறுபிறவியாக அது ஆகிவிடக் கூடாது என்றால், பெட்டியிலிருந்து வெளியே வரும் வழியை ஊர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி ஏற்பாடு இதற்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. ஒரு மளிகைக் கடையோ தேநீர்க் கடையோ உரிமம் ஏதும் இல்லாமல், பொதுத் தரவு நிலையமாகி, சிறு தொகைக்கு வைஃபை விற்கலாம். பழைய மஞ்சள் பலகையின் கணக்கை நினைத்தே இதை வகுத்திருக்கிறார்கள் என்பது, அன்றைய பி.சி.ஓ. போல இன்று பி.டி.ஓ. என்ற பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. நகரங்களில் இதற்கு என்ன தேவை இருக்கும் என்று எனக்கு ஐயம். மாத ரீசார்ஜ் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் நிலையில், ஒரு செல்பேசியை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உள்ள ஊரில் தேவை நிச்சயமாக உண்டு. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவது, நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு இணையவழியில் முன்பதிவு செய்வது, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் என்று எல்லாமே கருவி வழியாக நடக்கும்போது, கருவி இல்லாதவர் பக்கத்து வீட்டுப் பையனின் தயவில் நிற்கிறார். பி.பி. எண் போய்ப் பி.பி. கடவுச்சொல் வந்திருக்கிறது, இதில் ஏமாற்றத்துக்கும் இடம் உண்டு.

ஆகவே அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், 'எங்கள் ஊருக்கு இணையம் வேண்டும்' என்று பொதுவாகத் தீர்மானம் போடாதீர்கள். அது ஏற்கெனவே வந்துவிட்டதாக ஏட்டில் இருக்கும், பதிலும் அப்படியே வரும். பெட்டியிலிருந்து காலனியில் ஓரிடத்துக்கும், பேருந்து நிறுத்தத்தில் ஓரிடத்துக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குக்கிராமத்தில் ஓரிடத்துக்கும் கிளை இழுக்க வேண்டும் என்று இடத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அவற்றை நடத்தும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்து, வருமானத்தில் அவர்களுக்கு எவ்வளவு என்பதையும் தீர்மானத்திலேயே குறியுங்கள். அங்கே தன் சொந்தக் கருவி இல்லாதவர் பேசவும் விண்ணப்பிக்கவும் ஒரு பொதுக் கருவி இருக்கட்டும். மின்சாரம் இல்லாமல் மூன்று நாள் தாங்கும் மின்கலமும் சூரியத் தகடும் கேளுங்கள்; அந்த மின்கலத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், மார் கம்பங்கள் விழுந்தது அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால்தான். தூர் வாரும் பணி தொடங்குமுன் கேபிள் போகும் கரையைப் நீர்வளத் துறையின் பாசனப் பிரிவு அலுவலருக்குக் காட்டிக் கொடுக்க ஓர் ஆளையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வைகாசி பிறந்துவிட்டால் பொக்லைன் காத்திருக்காது.